காரைக்காலம்மையார் திருவாக்கிற் பாவனை

பாவனை என்னுஞ் சொல்லை வழங்குவார் இக்காலத்து இருதிறத்தர் ஆயினர். ஒரு திறத்தார் அதனைப் புலவர் கற்பனையோடு ஒருங்குவைத்து, இல்லதனை மனத்தால் எழுதிக்கொள்ளும் விளையாட்டென்று ஒதுக்குவர். மற்றொரு திறத்தார், அலையும் மனத்தை அடக்குதற்கு அது நல்ல மருந்தென்று பாராட்டுவர். கண்ணை மூடிக்கொண்டு அமைதியான ஒரு கடற்கரையையோ நிழலடர்ந்த ஒரு சோலையையோ உள்ளத்திற் கண்டு, மூச்சை மெல்லென விடுக என மனநல மருத்துவர் நோயாளர்க்குக் கற்பிக்கும் முறை மேலைநாடுகளிலும் இந்நாட்டிலும் இன்று பெருகி வருகின்றது. அதனாற் சிலர்க்கு நடுக்கந் தணிதலும் உறக்கம் வருதலும் உண்டென்பது மறுக்கற்பாலதன்று. ஆயின், சைவர் நாடோறுஞ் செய்யும் அகப்பூசையும் தியானமும் அவ்வளவினவேயோ என்னும் வினா ஈண்டு எழும். அவ்வளவினவே எனின், பூசை மருந்துச் சீட்டாய் முடியும். இல்லதனை எழுதிக்கொள்ளும் விளையாட்டே எனின், பூசை பொய்யாய் முடியும். இவ்விரண்டனுள் ஒன்றையும் உடன்படாது நிற்கும் பழஞ்சான்று காரைக்காலம்மையார் பாடல்களில் உள்ளது.

அம்மையார் அருளியன திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் இரண்டும், திருவிரட்டை மணிமாலை 20 பாட்டும், அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாவுமாம். இவை பதினோராந் திருமுறையிற் கோக்கப்பெற்றன. அம்மையார் காலம் கி. பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டென்பர் ஆராய்ச்சியாளர். அவர் தோன்றிய காரைக்கால் காவிரிக் கழிமுகநாட்டில் அரசலாறு கடலொடு கலக்குமிடத்தது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்குட்பட்டிருந்து, 1954-இல் இந்தியாவொடு சேர்ந்து, இன்று புதுச்சேரியின் ஒரு பகுதியாய்த் தமிழ்நாட்டு மாவட்டங்களாற் சூழப்பெற்று நிற்பது. சேக்கிழார் காலத்திற்கும் முன்னரே அது வணிகர் வாழும் துறைமுகப்பட்டினம். தனதத்தன் மகளாகிய புனிதவதியார் வரலாறு சைவர் யாவரும் அறிந்ததாகலின் ஈண்டு விரிக்கவேண்டா. ஒரு நிகழ்ச்சி மட்டும் இவ்வாராய்ச்சிக்குப் பயன்படும். கணவன் இலையின்முன் அமர்ந்து இரண்டாவது மாங்கனியைக் கேட்கின்றான். அக்கனியோ முன்னரே அடியார்க்கு அமுதாயிற்று. அம்மையார் உள்ளே சென்று நின்று, செய்வதறியாத அந்நொடியில் இறைவன் திருவடியை நினைக்கின்றார். காடும் மலையும் தேடிச் சென்று கண்மூடியிருந்த நினைவன்று அது; அடுப்பங்கரையில், ஒருவன் வெளியே காத்திருக்க, கால் நிலைகொள்ளாத பொழுதில் தோன்றிய நினைவு. பின்னர் அவர் பாடிய பாட்டுக்களில் நெஞ்சை விளித்துப் பேசும் இடங்களெல்லாம் இந்நிலையினின்று எழுந்தன போலவே ஒலிக்கின்றன.

திருவிரட்டை மணிமாலையின் முதற் செய்யுளை நோக்குக. துயரம் கிளர்ந்து வந்து வாட்டும்போது அஞ்சித் தளர்ந்திருத்தலை ஒழிக என்று அம்மையார் தம் நெஞ்சிற்குக் கூறுகின்றார். இவ்வளவில் நிறுத்தியிருப்பின் அது யாவருங் கூறும் தேறுதலுரையாம். கலங்கிய நெஞ்சைக் கலங்கற்க என்பதனாற் கலக்கம் நீங்குவதில்லை. நீங்கவில்லையே என்னும் புதுக்கலக்கம் ஒன்று சேர்வதேயுண்டு. அம்மையார் அவ்வாறு வறிதே விலக்காது, நெஞ்சிற்கு உடனே ஒரு வேலையும் ஒரு காட்சியும் தருகின்றார். வேலை வணங்குதல். காட்சி, இறைவன் திருமுடிமேற் பெருகும் கங்கையும், இளந்திங்களும், எருக்கும்.

இம்மூன்றும் அடையாளமாக மாத்திரம் வந்தன என்று உரைத்துச் செல்வாருமுளர். அவர் சொற்களை நின்று நோக்கிலர். துயரின் வரவைக் கூறுதற்கு அம்மையார் ஆண்ட உந்துதல் என்னும் வினையே கங்கையின் வரவைக் கூறுதற்கும் வந்துள்ளது. உந்தி வருவது துயர். உந்தி வருவது கங்கை. முன்னது நெஞ்சை வருத்துகின்றது. பின்னது உலகையே கொண்டுபோக வல்லதாயினும் ஒரு சடையில் அடங்கி நிற்கின்றது. இவ்வொப்புமையை அம்மையார் எடுத்து விளம்பவில்லை. ஒரே வினையை ஈரிடத்தும் வைத்து, நெஞ்சு தானே கண்டுகொள்ளுமாறு விட்டனர். திங்களும் அவ்வாறே. தக்கன் சாபத்தால் தேய்ந்து அழிய நின்றது அம்முடியை அடைந்து இளம்பிறையாய் வளர்கின்றது. எருக்கோ ஒருவரும் சூடாத பூ. பெருகுவதும், தேய்வதும், பயனற்றதென்று தள்ளப்பட்டதும் ஒருங்கே ஓரிடத்து அமைதியுற்றிருத்தலை நெஞ்சு காணுமாயின், தன்னிடத்துள்ள பெருக்கையும் தேய்வையும் புன்மையையும் எங்கே வைப்பதென்பதை அது அறியும். தளர்தல் என்னும் வினையும் அச்செய்யுளில் இருகால் வருகின்றது. துயர்க்குத் தளராதே என்பது ஒன்று, வணக்கத்திற் றளராதே என்பது மற்றொன்று. துயரை வெல்லும் ஆற்றல் வேறு, வணங்கும் ஆற்றல் வேறன்று என்பதே இதன்கண் அமைந்த நுட்பம்.

கற்பனைக்கும் பாவனைக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலனாகும். கற்பனை ஓடும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பற்றி, தான் புறப்பட்ட இடத்தை மறந்து செல்லும். கவலைப்படுதலும் ஒருவகைக் கற்பனையே. நாளை வரக்கூடியதனை இன்றே வந்ததாக எழுதிக்கொள்ளுதலினும் பெரிய கற்பனை வேறில்லை. பாவனையோ நிற்கும். அம்மையார் அந்தாதியில் ஒரு வெண்பா, தாம் நினைந்ததும் ஒன்று, துணிந்ததும் ஒன்று, உள்ளத்தில் அடைத்துவைத்ததும் ஒன்று என்னும் கருத்தினது. மற்றொரு வெண்பா, இறைவனை வானத்தான் என்பாரும் தேவர்கோனிடத்தான் என்பாரும் தத்தம் கருத்தின்படி கூறுக என விடுத்து, தம் நெஞ்சிலுள்ளான் என்று தாம் கூறுவதாக முடிகின்றது. பிறரை மறுத்தற்கு அவர் நிற்கவில்லை. தமக்கு அண்மையிலுள்ள இடத்தைச் சுட்டிய அளவில் அமைந்தனர்.

நிற்பதெனின், ஒன்றையே வெறித்து நோக்கி மரம்போல் இருத்தலோ எனின், அன்று. அந்தாதியின் ஈற்றை அடுத்து ஓர் இனிய வினா வருகின்றது. நள்ளிருளிற் பேய்களோடு தீயில் ஆடும் பெருமானை நோக்கி, தீயை ஏந்தியதனால் உள்ளங்கை சிவந்ததா, உள்ளங்கையின் அழகினால் தீ சிவந்ததா, இதனைச் சொல்லுக என்று அம்மையார் கேட்கின்றார். விடை வேண்டிக் கேட்ட வினா இதுவன்று. அங்கையும் அழலும் ஆகிய இரண்டன் எல்லையில், ஒரு மயிரிழையளவான இடத்தில், நெஞ்சைக் கொண்டுபோய் நிறுத்துதற்குக் கேட்டது. அவ்விடத்தை உற்று நோக்குவார்க்கு வேறொன்றை நினைக்க இடமில்லை. பலிக்குச் செல்லும்போது பாம்பை விடுத்துச் செல்க, மகளிர் அஞ்சிப் பலியிட வாரார் என்று இறைவனுக்கே அறிவுரை கூறும் வெண்பாவும் இவ்வினத்தது. வீட்டிற்கு வந்த அடியார்க்கு அமுதிட்ட கையின் பழக்கம் அதிற் றெரிகின்றது. ஆனித் திங்களிற் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவிற் பிட்சாடன மூர்த்தி வீதிவலம் வரும்போது ஊரார் கனிகளை வாரி இறைப்பர். பலிக்கு வருவானுக்கு யாது இடுவது, எவ்வாறு இடுவது என்னும் அம்மையார் கவலையை அவ்வூர் ஆண்டுக்கொருமுறை தன் கையாற் செய்துகாட்டுகின்றது என்னலாம்.

பூசலார் நாயனார் வரலாற்றையும் இத்துடன் வைத்து எண்ணுதல் தகும். திருநின்றவூரில் அவர் கோயில் எடுக்கப் பொருள் தேடிக் கிடையாமையின் மனத்தாற் கோயில் எடுத்தார். மனத்திற் கட்டுங் கோயிலை ஒரு கணத்திற் கட்டி முடிக்கத் தடையாதுமில்லை. அவரோ பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார், தச்சரைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார், இரவும் உறங்காது, அளவும் முறையும் பிழையாது சிகரம் வரையில் எடுத்துக் கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். கல்லாற் கட்டுவான் ஒருவன் படும் தாமதமெல்லாம் அவரும் பட்டார். அத்தாமதமே அவர் பாவனையைக் கற்பனையினின்று பிரிக்கின்றது. காடவர்கோன் காஞ்சியிற் கட்டிய கற்றளிக்குக் குறித்த நாளும் இதற்குக் குறித்த நாளும் ஒன்றாயினமை பின்னர் நிகழ்ந்தது; அதனை அவர் எதிர்பார்த்துச் செய்தாரல்லர்.

இனி, சித்தாந்த நூல்வழி நின்று ஒரு வலிய தடை எழுப்பப்படும். மெய்கண்டார் சிவஞானபோதம் ஆறாஞ் சூத்திரத்தில், பாவிக்கப்படுவது அசத்து என்கின்றார். பாவனைக்கு அப்பாற்பட்டதென்று எண்ணினும் அவ்வெண்ணமும் ஒரு பாவனையேயாம். பாவனைக்கு எவ்வாற்றானும் எய்தாதெனின் பாழாம். ஆகவே கங்கையும் பிறையும் எருக்கும் சூடியதாக அம்மையார் நெஞ்சிற்குக் காட்டிய வடிவம் அசத்தேயன்றோ? அசத்தைப் பற்றி நின்ற நெஞ்சு அமைதியுற்றதெனின், அது மயக்கத்தால் வந்த அமைதியன்றோ? இத்தடையை எளிதிற் கடந்து செல்லுதல் ஆகாது. கடற்கரையை எண்ணி அமைதியுறுவானுக்கும் கங்காதரனை எண்ணி அமைதியுறுவானுக்கும் வேற்றுமை யாதென்று கேட்பார்க்கு, எண்ணப்பட்ட பொருளின் உயர்வைக் காட்டி விடைகூறுவர் சிலர். அது போதாது. எண்ணப்பட்டதாயின் இரண்டும் எண்ணப்பட்டனவே.

இத்தடைக்கு விடை மெய்கண்டார் வாக்கிலேயே உள்ளது. எண்ணற்கரியவன் தன் அருளால் எண்ணப்படுவான் என்பதே அது. அம்மையார் அதற்குப் பல நூற்றாண்டுகளின் முன்னரே அவ்விடையைத் தம் அநுபவத்தாற் கூறிவைத்தார். அந்தாதியின் நடுப்பகுதியைக் கடந்தபின் வரும் ஒரு வெண்பாவில், தாம் திருவுருவைக் காணாமலே அன்று ஆட்பட்டதாகவும், இன்றும் கண்டிலராகவும், நும் பெருமான் எவ்வுருவினன் என்று கேட்பார்க்கு யாது விடை கூறுவதென்றும் இறைவனையே கேட்கின்றார். அறுபது வெண்பாக்களிற் சடையையும் மிடற்றையும் மார்பையும் அடியையும் இத்துணை நுண்ணிதின் எழுதிய ஒருவர், கண்டிலேன் என்கின்றார்! இது அடக்கத்தாற் கூறிய சொல்லென்று கழித்தல் பொருந்தாது. தாம் எழுதிய வடிவத்தை அவர் இறைவன் என்று ஒருகாலும் மயங்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. வடிவம் நெஞ்சு நிற்றற்கு இட்ட படி. நின்ற நெஞ்சிற்குக் காட்டுவதும் காட்டாமையும் அவன் செயல். நூலறிவு பேசி உட்புகாது திரிவாரை ஒருபால் விடுத்து, எவ்வுருவில் எத்தவஞ் செய்வார்க்கும் அவ்வுருவேயாய் நிற்பான் என்று பிறிதோரிடத்துக் கூறியதும் இக்கருத்தே. அறிபவனும், அறிவிப்பவனும், அறிவாய் நின்று அறிகின்றவனும் அவனே என்னும் வெண்பாவையும் உடன்வைத்து நோக்கின், பாவிக்கும் உயிரின் முயற்சிக்கு அம்மையார் எத்துணை இடந் தந்தார் என்பது விளங்கும். முயற்சி உண்டு, அம்முயற்சி தானே ஒன்றைப் படைத்துக்கொள்ளுவதன்று.

சிவஞானசித்தியார் ஒன்பதாஞ் சூத்திரத்திற் கருட தியானம் உவமையாக வருவதும் ஈண்டு நினைக்கத்தகும். கருடனைத் தியானித்து நிற்பானால் விடம் நீங்கும். அவன் இறகு முளைத்துப் பறவையாயினானல்லன். விடந் தீண்டினான் உயிர்பிழைத்தல் மட்டும் மெய். அச்செய்யுள், காணப்பட்ட இவை நானல்லேன் என்று நீங்குதலோடு அமையாது, காணப்படாத பரமும் நானல்லேன் என்று கசிந்து நிற்றலையும் முன்வைத்த பின்னரே பாவனையைக் கூறுகின்றது. இவ்வொழுங்கைப் பலர் கவனிப்பதில்லை. கசிவும் தொண்டும் முன்னில்லாது பாவனையைத் தொடங்குவான் தன்னையே பாவிப்பான்.

இனி, கடற்கரைக்கு வருவோம். காரைக்காலிற் பிறந்து வளர்ந்த அம்மையார்க்குக் கடல் புதியதன்று. ஆயினும் மனத்திற்கு இளைப்பாறும் இடமாகக் கடலை அவர் காட்டியதில்லை. கணவன் கலமேறிச் சென்றது அக்கடல்வழி. திரும்பி வாராது பாண்டிநாட்டுப் பட்டினமொன்றில் வேறு மணஞ்செய்து வாழ்ந்ததும் அவ்வழிச் சென்றதனால். அந்தாதியில் ஒரு வெண்பா நெஞ்சை விளித்து, இனி உய்ந்தோம், இடரில்லோம், பிறவியாகிய ஒலிக்குங் கடலை நீந்திவிட்டோம் என்கின்றது. கடல் நீந்திக் கடக்கப்படுவது, நோக்கி இன்புறப்படுவதன்று. அதனினும் குறிக்கத்தக்கது, நீந்துவோம் என்னாது நீந்தினோம் என்றமை. நாளைக்கென்று வைத்த பயனை நெஞ்சு நம்பாது. இன்றே எய்தியதென்று கூறக் கேட்டால் நிற்கும்.

அவர் நெஞ்சை அழைத்துச்சென்ற இடம் ஆலங்காட்டுச் சுடுகாடு. மூத்த திருப்பதிகங்களின் முதலாவது நட்டபாடையிலும் இரண்டாவது இந்தளத்திலும் பாடப்பெறுவன. கள்ளியும் பிணமும் நரியும் பேயும் நிறைந்த அக்காட்டை விரித்ததனால், அவை நிலையாமை உணர்த்த எழுந்தன என்றும், பௌத்தர் கூறும் அசுப பாவனையை ஒத்தன என்றும் கருதுவாருளர். ஒப்புமை சிறிது உண்டு. ஆயினும் காரைக்காலுக்கு வடக்கே அக்கடற்கரையிலேயே இருந்த புகாரின் சுடுகாட்டை மணிமேகலை கூறும் பகுதியொடு ஒப்பிட்டு நோக்கின் வேற்றுமை பெரிதென்பது தெரியும். சக்கரவாளக் கோட்டத்துப் புறங்காட்டிற் சார்ங்கலன் என்னுஞ் சிறுவன், தலையொன்றை ஏந்தி ஆடும் பேயைக் கண்டு வெருவி, ஓடித் தாயிடஞ் சொல்லி உயிர்விடுகின்றான். தாய் கோதமை சம்பாபதியிடம் முறையிட்டு, போன உயிர் மீளாதென்பதனைக் கேட்டறிகின்றாள். அங்கே சுடுகாடு அச்சத்தாற் கொல்லுகின்றது. பின்னர் அறிவு புகட்டுகின்றது.

அம்மையார் சுடுகாட்டிலும் ஒரு குழவி உண்டு. அது பேயின் குழவி. தாய்ப்பேய் அதற்குக் காளி என்று பெயரிட்டு, சீராக வளர்த்து, புழுதியைத் துடைத்து, பாலூட்டிப் புறத்தே சென்றது. தாய் மீளாமையைக் கண்ட குழவி அழுது, அழுதவாறே உறங்கிவிடுகின்றது. அக்காட்டில் எங்கள் அப்பன் ஆடுகின்றான். இக்குழவியை மனம் என்றும் தாயை உலகப்பற்றென்றும் உள்ளுறை காண்பாருமுளர், அது வேண்டா. அழுகையும் உறக்கமும் கூத்தும் ஓரிடத்தே உள்ளன என்ற அளவே போதும். அழுகையை நிறுத்திய பின்னர்க் கூத்துத் தொடங்குமென்று அம்மையார் கூறவில்லை. சார்ங்கலன் கண்ட காட்டிற் பேய் ஆடியது. இக்காட்டிற் பேய்களின் நடுவே இறைவன் ஆடுகின்றான். காடு ஒன்றே. ஆடுபவனைக் கண்டமையாலும் காணாமையாலும் ஒரு குழவி உறங்க, ஒரு குழவி இறந்தது.

இப்பதிகத்தின் யாப்பமைதியும் இதற்கேற்பவே அமைந்தது. பாட்டுத்தோறும் முற்பகுதி முழுதும் ஆரவாரம்: நரி ஊளையிடுகின்றது, பேய் கொட்டுகின்றது, நிணம் எரிகின்றது. ஈற்றில் அவன் ஆடும் இடம் ஆலங்காடு என்று வந்து நிற்கின்றது. அடுத்த பாட்டில் மீண்டும் ஆரவாரம், மீண்டும் ஆலங்காடு. அலைந்த மனத்தை அலைந்ததற்காகக் கடியாது, அலைந்த ஒவ்வொரு முறையும் அவ்விடத்திற்கே திருப்பிக் கொணரும் முறை இது. ஓதுவார் பண்ணொடு பாடக் கேட்பார்க்கு இது இன்னும் தெளிவாம். ஏட்டில் வாசிப்பார் ஈற்றைக் கண்ணால் தாண்டிச் செல்வதனால் இழப்பது மிகுதி. இரட்டை மணிமாலையில் இக்கட்டு இத்துணை இறுகியதன்று. அதன் பிற்பகுதியிற் சில பாட்டுக்கள் துதியளவில் அமைந்து விரைந்து செல்லுகின்றன என்று கூறுதல் அம்மையார்க்கு இழிவாகாது.

அந்தாதியின் இரண்டாம் வெண்பாவைக் கூறாது இவ்வாராய்ச்சி முற்றாது. இறைவன் துன்பத்தை நீக்காதொழியினும், இரக்கங் காட்டாதொழியினும், செல்லும் நெறியை உணர்த்தாதொழியினும், எரியில் ஆடும் அவனிடத்துத் தம் நெஞ்சின் அன்பு அறாது என்பது அதன் கருத்து. முதல் வெண்பாவில், பிறந்து மொழிபயின்ற காலந்தொட்டு அன்பு கொண்டேன், இடரை எப்போது தீர்ப்பாய் என்று வினவியவர், அடுத்த வெண்பாவிலேயே அவ்வினாவின் கூரை மடக்கிவிட்டார். மருத்துவமுறையும் சைவர் பாவனையும் பிரியும் இடம் இதுவே. அமைதி தருமாயின் செய்வேன் என்று தொடங்கியவன் அமைதி வாராத நாளில் விடுவான். அவன்மேற் குற்றமில்லை, மருந்து பலிக்காவிடின் மாற்றுதல் முறையே. அம்மையார் அமைதியை விலையாகக் குறித்திலர். ஆகவே அது வாராத நாளும் அவர்க்கு வந்த நாளே ஆயிற்று. தசை கழிந்து பேயுருக் கொண்டபோது ஒருமைப்பட்ட ஞானத்தால் இவ்வந்தாதி எழுந்ததென்று சேக்கிழார் கூறுதலும், அவ்வுருவைப் பழித்து ஒரு சொல்லும் அம்மையார் பாடாமையும் இதனோடு ஒத்தன.

அந்தாதித் தொடையில் ஒரு வெண்பாவின் ஈறு அடுத்ததன் முதலாகும். ஆதலின் நெஞ்சு இடையறவு படாது செல்லும். 101-ஆம் வெண்பா, இம்மாலையை ஓதுவார் ஆராத அன்பினோடு இறைவனைச் சென்று ஏத்துவர் என்று கூறி, பிறத்தல் என்னும் வினையில் முடிகின்றது. முதல் வெண்பா தொடங்குவதும் அவ்வினையிலேயே. முதலிற் பிறந்தது காரைக்கால் வணிகன் மகளின் உடம்பு. முடிவிற் பிறப்பது பெயராத காதல். ஓதி முடித்தவர் நூலை மூடாது முதல் வெண்பாவை மீண்டும் எடுப்பின், அதே சொல்லை வேறு பொருளோடு ஓதுவர்.